பயாஸ் அழிந்தால் கணினி எழுமா? – ஒரு சின்ன சிப்பின் கதை

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. தென் கொரியாவில் வாரத்தின் முதல் வேலைநாள். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வழக்கம்போல் கணினிகளைப் போட்டார்கள். அவற்றில் பல சற்று நேரம் ஓடிவிட்டு அப்படியே நின்றுபோயின. சரி, 'ஹேங்' ஆகிவிட்டது என்று அணைத்து மறுபடியும் போட்டால்... மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஓர் எழுத்துகூட வரவில்லை!

மானிட்டர் கெட்டுவிட்டதா? பவர் சப்ளை போய்விட்டதா? இரண்டும் இல்லை. அந்தக் கணினிகளுக்கு "எப்படித் தொடங்குவது" என்பதே மறந்துபோயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் எழுதப்பட்டிருந்த விஷயத்தை ஒரு வைரஸ் கெடுத்துவிட்டது. அன்று ஒரே நாளில் தென் கொரியாவில் பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையை லட்சங்களில்தான் சொன்னார்கள். இந்தியா, வங்கதேசம், துருக்கி என்று மற்ற நாடுகளிலும் சேதம்.

பயாஸைப் புதுப்பிக்கப் போய் கணினி எழாமல் போனவர்கள் அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஆனால் அந்தத் திங்கட்கிழமைதான் உலகம் முழுவதற்கும் இந்தச் சிப்பை அறிமுகப்படுத்தியது. அது எப்படி அவ்வளவு எளிதாக அழியக்கூடியதாக ஆனது, அழிந்த கணினியை எப்படி மீட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

உறை ஊற்ற ஒரு கரண்டி தயிர்

பாலைத் தயிராக்க என்ன வேண்டும்? ஒரு கரண்டி பழைய தயிர். அந்தப் பழைய தயிருக்கு அதற்கும் முந்தைய தயிர். வீட்டில் ஒரு துளி தயிர்கூட மிச்சமில்லை என்றால் எவ்வளவு நல்ல பால் இருந்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

கணினிக்கும் இதே சிக்கல்தான். விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதைப் படித்து ராமுக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் எங்கே இருக்கும்? அதுவும் ஹார்ட் டிஸ்கிலேயே இருந்தால் அதை யார் படிப்பது? மின்சாரம் வந்தவுடன் ராம் காலியாகத்தான் இருக்கும். எனவே மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சிப்பில் அந்த முதல் நிரலை வைத்தார்கள். அதுதான் பயாஸ். சிபியுக்கு மின்சாரம் வந்ததும் அது ஒரு குறிப்பிட்ட முகவரிக்குத்தான் போகும். முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சிபியுவுக்கு அந்த முகவரி 1 மெகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் இருந்தது. அந்த இடத்தில் ஒழுங்கான கட்டளை இருந்தால் கணினி எழும். குப்பை இருந்தால் அவ்வளவுதான்.

பயாஸ் என்ற பெயரை வைத்தவர் கேரி கில்டால். 1970-களில் அவர் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில் அந்தந்த வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதிக்கு அந்தப் பெயர். பிறகு ஐபிஎம் அதே பெயரை எடுத்துக்கொண்டது.

மாற்ற முடியாத காலம்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வெளியானது. அதில் பயாஸ் வெறும் 8 கிலோபைட். தொழிற்சாலையில் சிப்பைத் தயாரிக்கும்போதே அதில் பதித்துவிட்ட ரோம் அது. யாராலும் அழிக்க முடியாது, மாற்றவும் முடியாது. வைரஸ் வந்தாலும் மின்சாரம் போனாலும் அதற்குக் கவலையில்லை!

ஆனால் தவறு இருந்தால்? அங்கேதான் பிரச்சனை. ஐபிஎம் பிசியின் முதல் இரண்டு பயாஸ் பதிப்புகளும் 1981-ஐச் சேர்ந்தவை. அவற்றால் ஹார்ட் டிஸ்க் கார்டு போன்றவற்றில் இருக்கும் கூடுதல் ரோமைக் கண்டுகொள்ள முடியவில்லை. 1982 அக்டோபர் 27 என்று தேதியிட்ட மூன்றாவது பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. பழைய பிசி வைத்திருந்தவர் ஹார்ட் டிஸ்க் போட விரும்பினால் புதிய சிப்பை வாங்கி, பெட்டியைத் திறந்து, பழையதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருக வேண்டும். மென்பொருளில் ஒரு சிறு மாற்றம்தான், ஆனால் அதற்கு ஒரு பொருளைத் தயாரித்து, பொட்டலம் கட்டி, அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வணிகம் உள்ளே வருகிறது. ஐபிஎம் தன் பயாஸின் மூல நிரலைத் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் காப்புரிமை அதனுடையது, அப்படியே எடுத்துப் போட்டால் வழக்கு. காம்பேக் நிறுவனம், ஐபிஎம் நிரலைப் பார்க்காதவர்களை மட்டும் வைத்து அதேபோல் வேலை செய்யும் பயாஸை எழுதவைத்தது. 1982 நவம்பரில் தன் முதல் கணினியை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் ஒரு பயாஸை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ஐபிஎம்முக்கு ஒத்த கணினி செய்யலாம் என்றானது. விதவிதமான மதர்போர்டுகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயாஸ், ஒவ்வொரு பயாஸிலும் சில பிழைகள்!

இடையில் இபிரோம் என்ற சிப் பயன்பட்டது. இன்டெலில் டோவ் ஃப்ரோமன் 1971-ல் உருவாக்கியது. சிப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் காட்டினால் எழுதியது அழிந்துவிடும். பிறகு தனிக் கருவியில் வைத்து மறுபடி எழுதலாம். ஒளி படாமல் இருக்க அந்த ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பழைய மதர்போர்டுகளில் பயாஸ் நிறுவனத்தின் பெயரோடு பளபளவென்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு இப்படியும் ஒரு வேலை இருந்தது.

ஃப்ளாஷ் வந்தது

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர், மின்சாரத்தாலேயே பெரும் பகுதியை ஒரே அடியில் அழித்துவிட்டு மறுபடி எழுதக்கூடிய சிப்பை உருவாக்கினார். 1984-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை சான்பிரான்சிஸ்கோவில் வெளியிட்டார். ஒரே நொடியில் அழிவது கேமரா ஃப்ளாஷ் போல இருக்கிறதே என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னதால் ஃப்ளாஷ் என்ற பெயர் வந்தது. 1988-ல் இன்டெல் இதை வணிகச் சிப்பாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கு இது வரப்பிரசாதம். 90-களில் வன்பொருள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தது. பழைய பயாஸ்களுக்கு 504 மெகாபைட்டுக்கு மேல் ஹார்ட் டிஸ்க் தெரியாது. அதைச் சரிசெய்தால் அடுத்து 8.4 ஜிகாபைட்டில் ஒரு சுவர். புதிய சிபியு வந்தால் பயாஸுக்கு அது என்னவென்றே தெரியாது. போதாக்குறைக்கு 2000-ஆம் ஆண்டுப் பிரச்சனை வேறு. ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளருக்குச் சிப் அனுப்பினால் கட்டுப்படியாகுமா? ஃப்ளாஷ் இருந்தால் ஒரு கோப்பைக் கொடுத்துவிடலாம், அவரே எழுதிக்கொள்வார். செலவு நிறுவனத்தின் கணக்கிலிருந்து கழிந்தது. ஆபத்து வாடிக்கையாளர் கணக்கில் ஏறியது.

என்ன ஆபத்து? ஃப்ளாஷ் சிப்பில் எழுதப்பட்டதன் மேல் அப்படியே எழுத முடியாது. முதலில் ஒரு பகுதி முழுவதையும் அழிக்க வேண்டும், பிறகுதான் புதியதை எழுத வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போனாலோ, வேறு மாடல் மதர்போர்டுக்கான கோப்பை எழுதிவிட்டாலோ, வீட்டில் இருந்த கடைசிக் கரண்டித் தயிரையும் கொட்டிவிட்ட கதைதான்.

பொறியாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. இன்டெலின் 28எஃப்001 என்ற 128 கிலோபைட் சிப்பைப் பாருங்கள். அதில் 8 கிலோபைட் மட்டும் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது. பெயர் பூட் பிளாக். மற்ற பகுதிகளை அழித்தாலும் இது சாதாரணமாக அழியாது. பயாஸ் முழுவதும் போனாலும் இந்தச் சின்னப் பகுதி உயிரோடு இருந்தால் ஃப்ளாப்பியைப் படித்து மீண்டும் எழுதிக்கொள்ளும். ரோம் காலத்தின் பாதுகாப்பில் ஒரு துளியை ஃப்ளாஷ் காலத்துக்கும் எடுத்து வைத்தார்கள் என்று சொல்லலாம்.

கூடவே சில மதர்போர்டுகளில் ஒரு ஜம்பரும் இருந்தது. அதை மாற்றி வைத்தால்தான் சிப்பில் எழுத முடியும். ஆனால் வாடிக்கையாளர் பெட்டியைத் திறக்காமலே புதுப்பிக்க வேண்டும் என்பதற்காக, பல மதர்போர்டுகள் எழுதும் வசதி எப்போதும் திறந்தே இருக்கும்படி வந்தன. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போவது மாதிரி.

ஒரு மாணவர், ஒரு கிலோபைட்

அந்தச் சாவியைத் திருப்பியவர் ஓர் இளைஞர். பெயர் சென் இங்-ஹாவ். தைவானில் தாதுங் கல்லூரி மாணவர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதைப் பொய்யாக்கிக் காட்டவே எழுதினேன் என்று பின்னாளில் சொன்னார். 1998-ல் அது கல்லூரிக்குள் பரவியது, அவர் மன்னிப்புக் கேட்டார், வைரஸை நீக்கும் நிரலையும் வெளியிட்டார். ஆனால் அதற்குள் அது வெளியே போய்விட்டது.

அவர் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதற்கு சிஐஎச் என்று பெயர். அளவு சுமார் 1 கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 நிரல் கோப்புகளுக்குள் இருக்கும் காலி இடங்களில் தன்னைத் துண்டு துண்டாக நிரப்பிக்கொள்ளும். அதனால் கோப்பின் அளவுகூட மாறாது, சந்தேகமும் வராது. ஏப்ரல் 26 வரும்வரை சும்மா இருக்கும். 1986-ல் செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் மற்றவர்கள் அதைச் செர்னோபில் வைரஸ் என்றார்கள்.

அந்த நாளில் அது இரண்டு வேலை செய்யும். முதலில் ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும் 1 மெகாபைட்டில் பூஜ்ஜியங்களை எழுதும். அடுத்து பயாஸ் சிப்பைத் தொடும். எல்லா மதர்போர்டிலும் இது நடக்காது. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட்டும் அதை ஒத்தவையும் இருந்து, சிப்பும் எழுதத் திறந்திருந்தால் மட்டுமே நடக்கும். அப்படி நடந்துவிட்டால் அது கெடுப்பது பூட் பிளாக்கையே. முழுப் பயாஸையும் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்த முதல் சில கட்டளைகள் கெட்டாலே போதும். கடைசித் துளி தயிருக்கும் குறி!

எழாத கணினியை எழுப்புவது

பயாஸ் எழுதிய பிறகு கணினி எழவில்லை என்றால் அந்தக் காலத்துப் பழுதுபார்ப்பவர்கள் ஒரு வரிசையில்தான் போவார்கள். செலவில்லாதது முதலில், ஆபத்தானது கடைசியில்.

முதல் கேள்வி: போனது உண்மையிலேயே பயாஸ்தானா? புதிய பயாஸுக்கும், பேட்டரியால் காக்கப்படும் சிமாஸ் நினைவகத்தில் இருக்கும் பழைய அமைப்புகளுக்கும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஜம்பரை மாற்றியோ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றியோ அதை அழித்தால் சில கணினிகள் அப்படியே எழுந்துவிடும். ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது, ஃப்ளாப்பி டிரைவின் விளக்கைக் கவனிப்பது. திரை கறுப்பாக இருந்தாலும் விளக்கு எரிந்து டிரைவ் சத்தம் கேட்டால் பூட் பிளாக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது ஃப்ளாப்பியைத் தேடுகிறது! அவார்டு பயாஸ் என்றால், எழுதும் நிரலையும் சரியான பயாஸ் கோப்பையும் ஒரு பூட் ஃப்ளாப்பியில் போட்டு, தானாக ஓடும்படி ஆட்டோஎக்ஸெக் கோப்பில் கட்டளை எழுதிக் கொடுப்பார்கள். ஏஎம்ஐ பயாஸ் என்றால் கோப்புக்கு அமிபூட் என்று பெயர் மாற்றி ஃப்ளாப்பியில் போட்டு, கன்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்திக்கொண்டே கணினியைப் போட வேண்டும். அவார்டு பூட் பிளாக்குக்குப் பழைய ஐஎஸ்ஏ வகை டிஸ்ப்ளே கார்டு மட்டும்தான் தெரியும். அது கிடைக்காதவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்தபடி, டிரைவ் சத்தத்தை மட்டும் நம்பிக் காத்திருந்தார்கள்.

சிஐஎச் தாக்கிய கணினிகளில் இந்த வழி அடைபட்டது. பூட் பிளாக்கே போய்விட்டதே! அப்போதுதான் மூன்றாவது வழி: பக்கத்து வீட்டில் உறை வாங்குவது. அதே மாதிரி மதர்போர்டு உள்ள நல்ல கணினியை டாஸில் தொடங்குவார்கள். தொடங்கிய பிறகு பயாஸ் ராமில் நகலெடுக்கப்பட்டிருக்கும், சிப் தேவைப்படாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பை மெதுவாக எடுத்துவிட்டு, கெட்ட சிப்பைச் செருகி, அதில் பயாஸை எழுதுவார்கள். முன்கூட்டியே சிப்பைத் தளர்த்தி அதற்கடியில் நூல் கொடுத்து வைப்பது ஒரு தந்திரம். கை நழுவினாலோ திசை மாறிச் செருகினாலோ இரண்டு கணினியும் போச்சு. உதவ வந்த நண்பரின் கணினியும் சேர்த்து!

இதற்கும் துணிவில்லாதவர்கள் சிப்பைக் கழற்றி, எழுதும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்தார்கள். இதெல்லாம் சிப் சாக்கெட்டில் இருந்தால்தான். நேரடியாகச் சால்டர் செய்திருந்தால், குறிப்பாக லேப்டாப்களில், பெரும்பாலும் முழு மதர்போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சின்ன சிப்பில் இருந்த சில பைட்டுகளுக்காக.

ஹார்ட் டிஸ்க் கதை கொஞ்சம் பரவாயில்லை. ஃபேட்32 முறையில் கோப்பு அட்டவணைக்கு இரண்டு நகல் உண்டு. பெரிய டிஸ்குகளில் இரண்டாவது நகல் முதல் மெகாபைட்டுக்கு அப்பால் இருந்ததால் தப்பித்தது. அதை வைத்து மீட்டெடுக்க ஸ்டீவ் கிப்ஸன் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு நிரலை எழுதி இலவசமாகவே கொடுத்தார். இங்கேயும் காப்பாற்றியது கை படாமல் மிஞ்சிய ஒரு நகல்தான்.

அதற்குப் பிறகு

90-களின் இறுதியிலேயே கிகாபைட் நிறுவனம் ஒரே மதர்போர்டில் இரண்டு பயாஸ் சிப்புகளை வைத்தது. ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து எழும். 2011-ல் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி பயாஸ் பாதுகாப்புக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் சிப் ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். பழைய பயாஸின் இடத்தை யுஇஎஃப்ஐ பிடித்தது. சிப்பும் எட்டுக் கால் கொண்ட சிறு துண்டாகச் சுருங்கியது.

ஆனாலும் விபத்து நிற்கவில்லை. 2017 இறுதியில் வந்த உபுண்டு 17.10-ல், இன்டெலின் ஃப்ளாஷ் சிப்போடு பேசும் ஒரு டிரைவரால், லெனோவோ உள்ளிட்ட சில லேப்டாப்களின் பயாஸ் பாதிக்கப்பட்டது. அமைப்புகளை மாற்றிச் சேமிக்க முடியவில்லை, சிலவற்றில் யுஎஸ்பியிலிருந்து தொடங்கவும் முடியவில்லை. பதிவிறக்கத்தையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. வைரஸ் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. கதவு திறந்திருந்தால் காற்றும் உள்ளே வரும்.

இன்றைய மீட்பு முறை எட்டுக் கால் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி, யுஎஸ்பி கருவி மூலம் வெளியிலிருந்து எழுதுவது. கவனிக்க வேண்டியவை மூன்று. சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்காமல் மின்சாரம் கொடுத்தால் சிப்பே போய்விடலாம். எழுதும் முன் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அந்த நகலைப் பத்திரப்படுத்தவும் வேண்டும், ஏனெனில் லேப்டாப்பின் வரிசை எண், விண்டோஸ் உரிமம் போன்றவை அந்தச் சிப்பிலேயே இருக்கும். வேறொரு லேப்டாப்பின் கோப்பில் அவை கிடைக்காது.

தாக்குபவர்களின் போக்கும் மாறிவிட்டது. 2018-ல் இசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் என்ற நிரல், யுஇஎஃப்ஐ சிப்புக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்கை மாற்றினாலும் விண்டோஸை மறுபடி நிறுவினாலும் போகாது. சிஐஎச் கணினியைக் கொன்றது, அதனால் உடனே தெரிந்துவிட்டது. இது கொல்லாது, கூடவே குடியிருக்கும்.

அதற்காகச் சிப்பை இறுக்கிப் பூட்டிவிடலாமா என்றால், அங்கேயும் ஒரு கேள்வி. கையொப்பச் சாவி தயாரிப்பாளரிடம் இருந்தால் கணினியை விலை கொடுத்து வாங்கியவருக்கு என்ன உரிமை? 1999-ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிக் தொடங்கிய, இன்று கோர்பூட் என்று அழைக்கப்படும் திட்டம், பயாஸின் இடத்தில் யாரும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த நிரலை வைக்கப் பார்க்கிறது. பூட்டப்பட்ட சிப்புகளில் அதற்கு இடமில்லை.

சென் இங்-ஹாவ் என்ன ஆனார்? 1999 ஏப்ரலில் அவர் ராணுவப் பணியில் இருந்தார். தைவானில் யாரும் புகார் கொடுக்காததால் முதலில் வழக்கே போட முடியவில்லை. 2000-ல் ஒரு மாணவர் புகார் கொடுத்த பிறகுதான் கைது. பிறகு தைவான் கணினிக் குற்றங்களுக்கெனச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் கொரியாவிலும் வங்கதேசத்திலும் மதர்போர்டு மாற்றியவர்களுக்கு அந்தச் செலவை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

1981-ல் பயாஸை மாற்ற முடியவில்லை என்பது குறை. 1999-ல் மாற்ற முடிந்தது என்பதே குறை. நடுவில் கணினிகளைக் காப்பாற்றியது யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்த 8 கிலோபைட். இன்றும் பயாஸ் புதுப்பிக்கும்போது திரையில் ஒரு வரி வரும்: மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். இத்தனை வருடமாகியும் அந்த வரியை எடுத்துவிட முடியவில்லை. அது வரும்போது, கெட்டுப்போனால் உறைக்கு எடுக்க எங்காவது ஒரு கரண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது.